தெரிந்து கொல்லல்: உடையார்பாளையத்து முந்திரியும் பயிர்ப்பூச்சி ஒடுக்க வரலாறும்

உழவின் உறுப்புகளை முறைப்படுத்திய வள்ளுவர், ஏரோட்டுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல் என்பனவற்றைக் கூறி, அவற்றின் முடிவிலே பயிரைக் காத்தலை வைத்தார். நீர்பாய்ச்சலினும் காத்தல் நன்று என்றும் கொண்டார். காத்தல் என்பது யாவற்றினின்று காத்தல் என்னும் வினாவுக்கு உரைகாரர் பெரும்பாலும் ஆடுமாடுகளையும் பறவைகளையுமே எண்ணியிருத்தல் கூடும். சங்கச் செய்யுளிலும் தினைப்புனங் காக்கும் மகளிர் கையில் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் காண்கிறோம். அவை கிளியை ஓட்டுவனவேயன்றிக் கொல்வன அல்ல. கண்ணுக்குத் தெரியும் பகையை ஒலியால் ஓட்டலாம். தளிருக்குள் முட்டையிட்டு, இரவிலே சாறுறிஞ்சி, விடியலில் இலையடியில் ஒளியும் சிறு பூச்சியை எவ்வாறு ஓட்டுவது? இவ்வினாவுக்குக் கடந்த நூற்றாண்டு தந்த விடை நஞ்சு. அவ்விடை போதாது என்று தெளிந்து, பகையை மட்டும் தெரிந்து ஒடுக்கும் வழிகளை அறிஞர் தேடிய வரலாற்றை உடையார்பாளையப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் பயிரும்

உடையார்பாளையம் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு வட்டமாக விளங்கியது. 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனுட் சென்றது. அரியலூர் மாவட்டம் 2001இல் தோன்றி, மறுஆண்டே பெரம்பலூரோடு மீள இணைக்கப்பெற்று, 2007இல் நிலையாக அமைந்தபின் அதன் பகுதியாயிற்று. முதலாம் இராசேந்திரனின் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் இப்பகுதியிலேயே உள்ளது. மேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் கரிசல் மண் பருத்திக்கும் பின்னர் மக்காச்சோளத்துக்கும் இடமளித்தது. கிழக்கே செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் உரியதாயிற்று.

முந்திரி என்னும் சொல் பழந்தமிழ் எண் வழக்கில் முந்நூற்றிருபதில் ஒரு பகுதியைக் குறிக்கும். முந்திரிகை என்பது கொடிமுந்திரியைக் குறித்து வந்தது. இன்று நாம் முந்திரி என்னும் மரமோ பிரேசில் நாட்டிற்கு உரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் மேலைக் கடற்கரைக்குக் கொணரப்பட்டது. சொல் பழையது, பொருள் புதியது. வந்தேறிய பயிர்க்கு இந்நாட்டுப் பூச்சி பகையானதும், வந்தேறிய பூச்சி இந்நாட்டுப் பயிர்க்குப் பகையானதும் இவ்வரலாற்றில் மாறி மாறி நிகழ்வதைப் பின்னர்க் காண்போம்.

முன்னோர் கையாண்டவை

வேதிநஞ்சு வருமுன்னர் உழவர் கையற்றிருந்தனர் என்று கருதுதல் பிழை. நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் பல மாதம் உறங்கிக் கிடக்கும்; முதல் மழை பெய்தவுடன் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். கோடை உழவு அக்கூட்டுப்புழுக்களைப் புரட்டி வெயிலுக்கும் பறவைக்கும் இரையாக்கும். மழைக்குப் பின்வரும் இரவுகளில் வயலோரத்தே மூட்டிய தீ அந்துப்பூச்சிகளை ஈர்த்து அழிக்கும். தப்பிய முட்டைகள் பொரித்துப் புழுக்கள் வயல்விட்டு வயல் செல்லுங்கால் அகழ் வெட்டித் தடுப்பர். ஒரே பூச்சியின் வாழ்க்கையில் மூன்று இடங்களைக் கண்டு மூன்றிலும் தாக்கும் முறை இது. பூச்சியின் பிறப்பு வளர்ப்பை அறியாதவர்க்கு இது வாய்க்காது.

களஞ்சியப் பாதுகாப்பும் அத்தகையதே. துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைத்தலும், தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு வைத்தலும், வசம்பு சேர்த்தலும் தமிழகமெங்கும் வழங்கியவை. நுண்ணிய மண்துகளும் சாம்பலும் பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, அதன் உடல்நீர் வெளியேறி அது வறண்டு சாகும்படி செய்யும் என்பது பிற்கால ஆய்வு தந்த விளக்கம். உண்பவர்க்குத் தீங்கின்றி உண்ணியை மட்டும் ஒழிக்கும் முறைக்கு இதனினும் எளிய சான்று காட்டல் அரிது.

எனினும் பழமை என்ற ஒன்றனாலேயே ஒன்றைப் போற்றுதல் ஆராய்ச்சி நெறியாகாது. மேற்கூறிய முறைகள் ஊரார் அனைவரும் ஒருங்கே செய்தாலன்றிப் பயன்தாரா. ஒருவன் தீ மூட்டி, அயலான் மூட்டானாயின் அயலான் வயலிற் பிறந்த புழு இவன் வயலுக்கு வரும். மேலும், பூச்சி பெருகிவிட்ட ஆண்டில் இவை தோற்றன, பஞ்சமும் வந்தது. புதிய நஞ்சை உழவன் மனமுவந்து ஏற்றமைக்குப் பேதைமை காரணமன்று, பசியே காரணம்.

கள்ளியும் செம்பூச்சியும்

தெரிந்து ஒடுக்குதல் எத்துணை நுண்ணியது என்பதை முதன்முதல் உணர்த்திய நிகழ்ச்சி பூச்சியைப் பற்றியதன்று, களையைப் பற்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியார் செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்நாட்டில் வளர்க்க விரும்பினர். சென்னையில் மருத்துவத் தலைவராயிருந்த சேம்சு ஆண்டர்சன் அதன்பொருட்டுச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி கொணரப்பட்டது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் இனமன்று. அதன் காட்டு உறவு. சாயத்தொழில் தோற்றது. வந்த பூச்சியோ தென்னாட்டிற் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை உண்டு அழித்தது. தவறுதலால் விளைந்த நன்மை இது.

இதனினும் கருதத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. முதற்கள்ளி அழிந்த நிலத்தும் பிற நிலத்தும் வேறொரு வகைக் கள்ளி பரவியது. பழைய செம்பூச்சி அதனைத் தீண்டவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இருவகைக் கள்ளியைப் பூச்சி வேறாக அறிந்திருந்தது. ஆகவே 1926இல் இலங்கையினின்று வேறோர் இனச் செம்பூச்சி கொணரப்பட்டு, அஃது இரண்டாங் கள்ளியை ஒடுக்கியது. தென்மாவட்டங்களில் முள்ளடர்ந்து கிடந்த பெருநிலப்பரப்புகள் மீண்டன. ஓருயிரைக் கொண்டு ஓருயிரை ஒடுக்குங்கால் 'இனமறிதல்' என்பதே முதற்படி என்னும் உண்மை இதனால் நிலைபெற்றது.

இனமறியும் பணியும் அக்காலத்தே தொடங்கியிருந்தது. பெயின்பிரிக் பிளெச்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். தி. வெ. இராமகிருட்டிண ஐயர் 1940இல் தென்னிந்தியாவுக்குரிய பொருளியற் பூச்சியியல் கையேட்டினை இயற்றினார். இவ்விரு நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்தன என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. முடிவில் இதற்கு மீள்வோம்.

மருந்து என்னும் சொல்

இராமகிருட்டிண ஐயரின் கையேடு வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டில், 1939இல், சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் என்பார் டி.டி.டி. என்னும் பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1874இலேயே ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்த பொருள் அது. 1948இல் முல்லர் நோபெல் பரிசு பெற்றார். டி.டி.டி.யையும் பி.எச்.சி.யையும் அடுத்துப் பாரத்தியான் முதலிய பாசுபரசு நஞ்சுகள் வந்தன.

இவை தமிழ் உழவரிடம் 'மருந்து' என்னும் பெயரோடு வந்தன. பூச்சிமருந்து, மருந்தடித்தல், மருந்துக்கடை என்பன வழக்காயின. இச்சொல்லாட்சி புதுமையானதன்று. நோய் தீர்ப்பதையும் அமிழ்தையும் குறித்த மருந்து என்னும் சொல், 'இடுமருந்து' என்னும் வழக்கில் மறைவாகக் கொடுக்கும் நஞ்சையும், 'வெடிமருந்து' என்பதில் அழிக்கும் பொருளையும் முன்னரே சுட்டியது. எலிமருந்தும் அவ்வழியதே. ஆயினும் பயிர்த்தொழிலில் இச்சொல் செய்த தீங்கு பெரிது. மருந்து எனின் மிகுதியாயின் மிகுதியும் நலம் பயக்கும் என்னும் எண்ணம் எழுகிறது. வெறுங்கையால் கலக்கவும், காலியான கலத்தை வீட்டில் வைத்துப் புழங்கவும் அச்சம் நீங்குகிறது. ஊர்ப்புறத்தே 'மருந்து குடித்துவிட்டான்' என்னுந் தொடர் நோய் தீர்ந்தமையை உணர்த்தாது. உயிர் துறந்தமையையே உணர்த்தும். ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தில் ஒரு காலத்தின் துயரம் பதிந்திருப்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பாசுபரசு நஞ்சுகள் நரம்பிடைச் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதியைத் தடுக்கின்றன. அந்நொதி பூச்சிக்கும் உண்டு, மாந்தர்க்கும் உண்டு. எனவே இரண்டனுக்கும் அந்நஞ்சு ஒன்றே. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் உணவும் நஞ்சும் ஒருங்கே ஏற்றப்பட்டதால் நேர்ந்த கேடு அது. அதன் விளைவாக ஆராயப்பட்டு 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் எழுந்தது. இடையே 1962இல் அமெரிக்க அம்மையார் இரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூல், நிலைத்து நிற்கும் நஞ்சு உணவுச் சங்கிலியில் ஏறிப் பறவைகளை அழித்தலை உலகறியச் செய்தது. இந்தியாவில் டி.டி.டி. 1989இல் வேளாண்மையினின்று விலக்கப்பட்டது; பி.எச்.சி. 1997இல் தடுக்கப்பட்டது.

விலக்கப்பட்டவற்றின் இடத்தை வேறு நஞ்சுகள் பிடித்தன என்பதை மறைத்தல் கூடாது. 2017ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர் சிலர் நச்சுத் தாக்கி இறந்தனர். அதே ஆண்டில் மகாராட்டிரத்து யவத்மாலிலும் பருத்தி வயலில் அத்தகைய சாவுகள் நேர்ந்தன. ஆகவே இக்கட்டுரையின் பொருள் உடையார்பாளையத்தார்க்குச் சேய்மைச் செய்தியன்று; அண்டை வயலிலே நிகழ்ந்தது.

தெரிதிறனின் இருவகை

பகையை மட்டும் தாக்கி ஏனையவற்றை விடும் ஆற்றலைத் 'தெரிதிறன்' என்று வழங்குவோம். அறிஞர் இதனை இருவகையாகப் பகுப்பர். ஒன்று பொருளின் தெரிதிறன். மற்றொன்று ஆட்சியின் தெரிதிறன்.

பொருளின் தெரிதிறனுக்கு மாலத்தியான் முற்பட்ட சான்று. 1950இல் விற்பனைக்கு வந்த இதுவும் பாசுபரசு நஞ்சே. ஆயினும் பாலூட்டிகளின் கல்லீரலிலுள்ள ஒரு நொதி இதனை விரைந்து சிதைத்துவிடும். பூச்சிகள் பலவற்றுக்கு அவ்வாற்றல் குறைவு. ஆகவே மாந்தர்க்கு ஏதம் குறைந்தது. எனினும் தேனீக்கும் பொறிவண்டுக்கும் இது நஞ்சே. மாந்தரை விடும் தெரிதிறன் வேறு, நன்மை செய்யும் பூச்சியை விடும் தெரிதிறன் வேறு என்பது இதனால் விளங்கும்.

ஆட்சியின் தெரிதிறனாவது, எப்பொழுது, எவ்விடத்து, எத்துணை என்று ஆய்ந்து கையாளுதல். 1959இல் கலிபோர்னியாவில் சிடெர்ன், சுமித், வாண்டன் போசு, ஏகன் என்னும் நால்வர் ஒருங்கிணைந்த ஒடுக்கம் பற்றிய கருத்தை வெளியிட்டனர். பூச்சி இருத்தலே கேடன்று. ஒடுக்கும் செலவினும் இழப்பு மிகும் எல்லையை அது நெருங்கும்போதே செயற்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பதை விடுத்து, எண்ணிப் பார்த்துத் தெளிப்பது என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

இக்கருத்தின் உண்மையை நெல்வயல் மெய்ப்பித்தது. புகையான் என்று தமிழர் பெயரிட்ட தத்துப்பூச்சி, தாக்கிய நெல்லைப் புகைபட்டதுபோல் கருக்கிவிடும். நஞ்சு தெளித்த வயலிலேதான் அது மேலும் பெருகியது. நஞ்சு அதன் பகைவராகிய சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் முதலிற் கொன்றது. தண்டினுள் வைக்கப்பட்ட புகையானின் முட்டைகள் தப்பின. பொரித்த குஞ்சுகள் பகையற்ற வயலைப் பெற்றன. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. நோயைப் பெருக்கும் பொருளை மருந்து என்றழைத்த பிழை அன்று வெளிப்பட்டது.

முந்திரியும் தேயிலைக்கொசுவும்

இனி உடையார்பாளையத்து முந்திரிக்கு வருவோம். முந்திரியின் தலையாய பகைகள் இரண்டு. ஒன்று தண்டையும் வேரையும் துளைக்கும் வண்டின் புழு, மற்றொன்று தேயிலைக்கொசு. கொசு என்று பெயர் பெற்றாலும் பின்னது கொசுவன்று, சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. 1858இல் சிக்னோரே என்பார் இதற்கு ஹெலோபெல்டிஸ் அந்தோனி என்று அறிவியற் பெயரிட்டார். இதன் முதுகிலே குண்டூசி போன்றதொரு முளை நிற்கும். பெண்பூச்சி இளந்தண்டிற்குள் முட்டையைச் செருகும். இளம்பூச்சியும் முதிர்பூச்சியும் தளிர், பூங்கொத்து, இளங்கொட்டை ஆகியவற்றைக் குத்தி உறிஞ்சும்; அவற்றின் உமிழ்நீர் நச்சுத்தன்மை உடையதாதலின் குத்திய இடம் கருகும்; பூங்கொத்து முழுதும் தீய்ந்து நிற்கும். மழைக்குப் பின் தளிர் விடத் தொடங்கும் காலம் முதல் காய் பிடிக்கும் காலம் வரை இத்தொல்லை நீளும்.

முந்திரியில் இதனை ஒடுக்க மேற்கொண்ட முறையின் மிகக் கொடிய விளைவைக் கேரளத்துக் காசர்கோடு கண்டது. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக்காடுகளில் 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை வானூர்தியினின்று என்டோசல்பான் தெளிக்கப்பட்டது. ஒடுக்கக் கருதிய பூச்சி தேயிலைக்கொசுவே. தளிரின் நுனியில் இருக்கும் விரல்நுனி அளவினும் சிறிய பூச்சியை நாடி, ஊரும் ஓடையும் கிணறும் அடங்கிய நிலப்பரப்பின் மீது நஞ்சு பொழியப்பட்டது. அப்பகுதி மக்களிடையே தோன்றிய நோய்களும் பிறவிக் குறைகளும் நாடறிந்த வழக்காயின. 2011 மே திங்களில் உச்ச நீதிமன்றம் என்டோசல்பானை நாடு முழுதும் தடை செய்தது. ஆட்சியின் தெரிதிறன் சிறிதும் இல்லாத முறைக்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டா.

உடையார்பாளையத்து உழவனுக்கும் காசர்கோட்டானுக்கும் பயிர் ஒன்றே, பகையும் ஒன்றே. ஆதலின் தேயிலைக்கொசுவுக்கு உரிய மாற்று யாது என்னும் வினா இருவர்க்கும் பொது.

மாற்றுகளை உரைத்துப் பார்த்தல்

மாற்று எனப்படும் ஒவ்வொன்றையும் இப்பூச்சியின் வாழ்க்கையோடு பொருத்தி உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் நுண்ணுயிர். 1901இல் சப்பானியர் இசிவாட்டா பட்டுப்புழு நோயில் இதனைக் கண்டார். 1915இல் செருமனியின் துரிஞ்சியாப் பகுதியை ஒட்டிப் பெர்லினர் பெயரிட்டார். இதன் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மை மிக்க குடலிற் கரைந்து குடற்சுவரைத் துளைக்கும். மாந்தரின் அமில இரைப்பையில் அவ்வாறு செய்யாது. தெரிதிறன் மிக்க பொருள் இது. ஆனால் இலையைத் தின்னும் புழுவே இலைமேற் படிந்த படிகத்தை உட்கொள்ளும். தேயிலைக்கொசு ஊசிபோன்ற வாயைத் தண்டினுள் செலுத்தி உறிஞ்சுவது. மேற்பரப்பில் உள்ளதை உண்ணாது. ஆகவே கம்பளிப்புழுவுக்கு ஏற்ற இப்பொருள் இதற்கு ஏலாது.

இரண்டாவது, பூஞ்சை. 1835இல் இத்தாலியர் அகோசுட்டினோ பாசி பட்டுப்புழுவின் வெண்ணோய்க்குக் காரணமெனக் காட்டிய பெவேரியா பேசியானா பூச்சியின் தோலைத் துளைத்து உட்புகும். வாய்வழிச் செல்ல வேண்டுவதில்லை. எனவே சாறுறிஞ்சும் பூச்சிக்கும் இது பொருந்தும். ஆயின் காற்றில் ஈரம் வேண்டும். உடையார்பாளையத்து மேட்டுநிலத்தின் வறண்ட நாளில் இதன் ஆற்றல் குன்றும். பட்டுப்புழு வளர்க்கும் ஊரில் இதனைத் தெளித்தலும் ஆகாது.

மூன்றாவது, வேம்பு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது வேப்பமரம் மட்டும் பசுமையாய் நின்றதைச் செருமானியர் சுமுட்டரர் கண்டார். 1960களில் தில்லியில் பிரதான் என்பார் வேப்பங்கொட்டைக் கரைசல் வெட்டுக்கிளியைத் தடுத்தலை நிறுவினார். 1968இல் அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. நூறு கூறு நீருக்கு ஐந்து கூறு வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாறு இன்றும் வேளாண் பரிந்துரைகளில் இடம்பெறுகிறது. 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேம்பின் பூஞ்சைத் தடுப்புப் பயனுக்கு வழங்கிய உரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் அந்நீக்கம் உறுதியானது. முன்னோர் அறிவு வழக்கு மன்றத்தில் சான்றானது. இவை பெருமைக்குரியன. ஆயினும் உண்மையொன்று கூறல் வேண்டும். தேயிலைக்கொசு வேம்பின் தளிரையும் தாக்குவது. வேம்பு அனைத்திற்கும் மருந்து என்பாரை இவ்வொரு செய்தியே தெளிவிக்கும்.

நான்காவது, எறும்பு. கி.பி. 304ஆம் ஆண்டினது என வழங்கும் சீன நூலொன்றில், ஆரஞ்சு மரங்களைக் காக்க எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்ற செய்தி காணப்படுகிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அவ்வெறும்பினத்தைத் தமிழர் முசுறு என்பர். ஆத்திரேலியாவின் வடபகுதியில் 1990களில் பெங், கிறித்தியன் என்னும் ஆய்வாளர் முந்திரித் தோப்பில் முசுறு மிக்க மரங்களில் அந்நாட்டுத் தேயிலைக்கொசுவின் தீங்கு குறைதலைக் காட்டினர். முசுறு மரம்விட்டு மரம் காவல் செய்யும், கூலி வேண்டாது. இதன் குறை, கொட்டை பொறுக்குவாரையும் கடித்தலே. பூச்சியின் பகை உழவனுக்கும் தொல்லை தருகிறது. ஒன்றை ஏற்பதற்கு மற்றொன்றைப் பொறுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பூச்சியின் உடலியலையே அதற்கெதிராக்கும் பொருள்கள். 1959இல் பூட்டெனண்டு பட்டுப்பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருளைக் கண்டார். அதனடியாகவே இன்றைய இனக்கவர்ச்சிப் பொறிகள் எழுந்தன. 1965இல் சிலாமா, வில்லியம்சு என்போர் ஆர்வர்டில் கண்டது மேலும் வியப்பானது. ஐரோப்பாவினின்று கொணர்ந்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகள் அங்கே முதிர்ச்சி எய்தாமல் இறந்தன. வளர்ப்புக் கலத்திலிட்ட காகிதமே காரணம் என்று தெரிந்தது. காகிதம் செய்த மரத்திலிருந்த ஒரு பொருள் அப்பூச்சிக் குடும்பத்தின் இளமை இயக்குநீராய்ச் செயற்பட்டது. நம் கரிசல் நிலத்துப் பருத்தியைக் கறைப்படுத்தும் சிவப்பு நாவாய்ப்பூச்சியும் அக்குடும்பத்தையே சேர்ந்தது. ஏனைய பூச்சிகளை அது தீண்டாது. இத்துணைத் தெரிதிறன் வாய்ந்த பொருள் வயலுக்கு வாராமற் போனது ஏன்? ஒரு குடும்பத்தை மட்டும் ஒடுக்கும் பொருளை வாங்குவோர் சிலரே. பலவற்றைக் கொல்லும் பொருளை வாங்குவோர் பலர். தெரிதிறன் மிகுந்தோறும் சந்தை சுருங்கும். இம்முரண்பாட்டை வணிகம் தானே தீர்க்காது. பொதுநிறுவனங்களே தீர்த்தல் வேண்டும்.

மாவுப்பூச்சி தந்த சான்று

பொதுநிறுவனம் தீர்த்தமைக்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. 2008இல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதல் காணப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிக்குரிய இது, தன் பகைவரைப் பின்னே விட்டு இந்நாடு புகுந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி எனப் பலவற்றை வெண்மாவு பூசியதுபோல் மூடியது. அதன் மெழுகுப் போர்வை நஞ்சைத் தடுத்தது, தெளித்தோர் பணமிழந்தனர். 2010இல் பெங்களூரு ஆய்வு நிறுவனத்தார் புவர்ட்டோ ரிக்கோவினின்று அசெரோபேகசு பப்பாயே முதலிய மூன்று ஒட்டுண்ணிக் குளவியினங்களைக் கொணர்ந்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு அளித்தது. ஓராண்டு இரண்டாண்டிற்குள் மாவுப்பூச்சி ஒடுங்கியது. உழவன் தன் பங்கிற்குச் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: குளவி விட்ட வயலில் நஞ்சு தெளிக்காதிருத்தல். பின்னர் மரவள்ளிக்கு வந்த மற்றொரு மாவுப்பூச்சிக்கும், ஆப்பிரிக்காவில் 1981 முதல் பயன் தந்த அனகைரசு லோப்பெசி என்னும் குளவி பெனின் நாட்டினின்று 2021இல் கொணரப்பட்டது. மறுஆண்டு தமிழக வயலில் விடப்பட்டது.

எல்லாம் இவ்வாறு இனிதே முடிந்தன என்று கூறுதற்கில்லை. 2018இல் கர்நாடகத்தில் தோன்றிய அமெரிக்கப் படைப்புழு அவ்வாண்டே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள வயல்களைப் பாழாக்கியது. அப்பொழுது உழவர் கைக்கு முதலில் எட்டியது நஞ்சுதான். குளவியைப் பெருக்கப் பருவம் வேண்டும்; நஞ்சுக் குடுவையோ கடையில் அணியமாயிருக்கும். தெரிந்து ஒடுக்கும் முறையின் மெய்யான குறை அதன் ஆற்றலில் இல்லை; காலத்தில் உள்ளது. முந்திரித் தோப்பிலும் இதுவே நிலை. பூப்பருவத்தில் தெளிக்கும் நஞ்சு மகரந்தம் கொணரும் ஈக்களையும் தேனீக்களையும் கொல்லும் என்பதறிந்தும், கருகும் பூங்கொத்தைக் கண்முன் காண்பவன் காத்திருக்க மாட்டான். ஆகவே தளிர்ப்பருவத்திலேயே மரந்தோறும் பார்த்து எண்ணுதல், தாக்குண்ட மரத்துக்கு மட்டும் தெளித்தல், தண்டு துளைப்பான் புழுவைத் தொடக்கத்திலேயே அகழ்ந்தெடுத்தல், பட்ட மரத்தை வேரோடு அகற்றல் ஆகியவற்றைப் பருவமுன் தொடங்குதலே வழி. அண்டையில் விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கென்றே பணியாற்றி வருகிறது. அங்கே விளைந்த அறிவு தோப்புவரை சென்று சேர்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று யாம் பெறும் கருத்து இது. நஞ்சு பயன்படுத்துவோனிடம் அறிவை வேண்டாது. குடுவையும் தெளிப்பானும் போதும். தெரிந்து ஒடுக்கும் முறையோ, இது பகை இது நட்பு எனப் பிரித்தறியும் கண்ணை வேண்டுகிறது. அக்கண் பெயர்களால் அமைவது. தமிழ் உழவர் பகைப்பூச்சிகளுக்கு நுட்பமான பெயர்கள் இட்டுள்ளனர். புகையான் என்பது விளைவால் வந்த பெயர். ஆனைக்கொம்பன் என்பது தாக்குண்ட குருத்து யானைத்தந்தம்போல் வெண்குழலாய் நிற்றலால் வந்த பெயர். மாவுப்பூச்சி, கம்பளிப்புழு என்பன தோற்றத்தால் வந்தவை. நட்புப் பூச்சிகளுள் பொறிவண்டு, கும்பிடுபூச்சி, தட்டான், முசுறு ஆகியன கண்ணுக்குப் பட்டமையால் பெயர் பெற்றன. முட்டையினுள் வளரும் நுண்குளவிக்கோ பழம்பெயர் இல்லை. 'ஒட்டுண்ணி' என்று இன்று வழங்கும் சொல் பழிக்கும் பொருளும் உடையதாதலின், நட்பைப் பகைபோல் ஒலிக்கச் செய்கிறது. கொல்லும் பொருளுக்கு மருந்து என்னும் நற்பெயரும் காக்கும் உயிர்க்கு ஒட்டுண்ணி என்னும் பழிப்பெயரும் வாய்த்தமை நம் சொல்வளத்தின் குறையே.

பூச்சியியல் நூல்கள் ஆங்கிலத்தில் எழுந்தன; பூச்சிப் பெயர்கள் உழவர் வாயில் நின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் பணி பூச்சியியலார்க்கு மட்டும் உரியதன்று. செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து ஊர்களில் முதியோரிடம் இன்றும் வழங்கும் பூச்சிப் பெயர்களையும், அவற்றின் பருவம் பற்றிய வழக்குகளையும் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு ஏற்ற களப்பணியாகும். ஒவ்வொரு பெயரோடும் அப்பூச்சியின் மாதிரியை வேளாண் நிலையத்தார்க்குக் காட்டி இனம் துணிதல் வேண்டும். இன்றேல் அத்தொகுப்பு வெறுஞ் சொற்பட்டியலாய் நின்றுவிடும். பெயர் தெரியாத பூச்சி எல்லாம் பகைப்பூச்சியாகவே தோன்றும். பகையாகத் தோன்றுவன அனைத்தையும் கொல்லும் வழக்கம் முடிவில் எவ்விடத்தில் வந்து நின்றது என்பதைக் காசர்கோடும் பெரம்பலூரும் காட்டின.